விஞ்ஞானக் காலட்சேபம்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இப்போது வாலிபர்கள் காதில் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொண்டே வேலை செய்வதைப் பார்க்கிறோம். செல்லூரில் தறி ஓட்டுகிறவர், மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்குகிறவர், சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர், வடபழஞ்சிக்கும் இலந்தைக்குளத்துக்கும் கம்ப்யூட்டர் வேலைக்காகப் பஸ் ஏறுகிறவர் ஆகிய எல்லாரிடமும் இது உண்டு. பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான். ஆனாலும் அவர்களில் ஒரு பகுதியார் பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் சொல்லப்படுகிற பேச்சுக்களைக் கேட்டு, உலகத்தில் நாளுக்கு நாள் ஏற்பட்டு வரும் புதிய இயந்திரங்களைப்பற்றியும் விஞ்ஞான முயற்சிகளைப்பற்றியும் தெரிந்து வருகிறார்கள். இது நமக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. அதோடுகூடச் சிறிது பயத்தையும் தருகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

மகிழ்ச்சி ஏன் என்றால், இந்தக் காதுகள் யாருடைய காதுகள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றவேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதி வைத்தார்கள். படிப்பதற்குக் கண்ணை மூடினது போதாதென்று, கேட்பதற்குக் காதையும் அடைத்துவைத்த தேசம் இது. அப்படிப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று கலிபோர்னியாவில் காலையில் பேசப்பட்ட பேச்சை அன்றிரவே மேலூரில் படுத்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்த ஈயமும் வேறு வேலைக்குப் போய்விட்டது. அதை உருக்கி ரேடியோப் பெட்டியின் கம்பிகளைப் பற்றவைத்தார்கள்.

இந்த வசதி ஒரு நாளில் வந்ததல்ல. 1924-ல் சென்னையில் சிலர் கூடி ரேடியோக் கிளப் ஒன்று வைத்தார்கள். பணமில்லாமல் அது 1927-ல் நின்றுபோயிற்று. அதன் கருவியை வாங்கிக்கொண்ட சென்னைக் கார்ப்பொரேஷன் 1930-ல் ஒலிபரப்ப ஆரம்பித்தது. பிறகு சர்க்கார் ரேடியோ நிலையம் சென்னையில் 1938-லும், திருச்சியில் 1939-லும் ஏற்பட்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் சர்க்கார் அதைத் தன் கையைவிட்டு விடவில்லை. அதற்கு ஆகாசவாணி என்று அசரீரிப் பெயரையும் சூட்டிற்று. 2001-க்குப் பிறகு தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தபோதும், பாட்டுப் போடலாம், வேடிக்கை பேசலாம், சொந்தமாகச் செய்தி மட்டும் சொல்லக்கூடாது என்றுதான் அனுமதி கொடுத்தார்கள்.

வலையொலியோ அப்படி ஒருவர் வாசலில் போய் நிற்கவேண்டியதாக ஏற்படவில்லை. புதிதாக ஒரு கட்டுரை வந்தால் வாசகருக்குத் தானாகவே தெரியப்படுத்துகிற ஆர்.எஸ்.எஸ். என்ற ஒரு பட்டியல் முறை இண்டர்நெட்டில் இருந்தது. (பெயரைப் பார்த்துத் தோழர்கள் திடுக்கிட வேண்டாம், இது வேறு.) 2000-ம் வருஷக் கடைசியில் அந்தப் பட்டியலில் ஒலிப்பதிவையும் இணைத்து அனுப்பலாம் என்று செய்தார்கள். 2004-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் அதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர் கொடுத்தார். 2005-ல் ஆப்பிள் கம்பெனி தன் கடையில் அதற்கு இடம் கொடுத்தது. நம் நாட்டில் 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானதால் ஏழைகளுக்கும் எட்டிற்று. பேசுவதற்கு ஒரு போனும், வாயும், சங்கதியும் இருந்தால் போதும், லைசென்ஸ் வேண்டியதில்லை. கம்பியில்லாமல் பேசும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் காலம் வரும் என்பதாகப் பெரியார் 1940-களில் ‘இனிவரும் உலகம்’ என்பதில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுடைய பேரன்மார் இன்று அந்தக் கருவியில் ராசிபலன் கேட்கிறார்கள்!

நிற்க, கைக்கு வேலையும் காதுக்கு ஓய்வும் உள்ள தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய சாதனம் என்பதற்குக் கூபா தேசத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம். அங்கே சுருட்டுச் சுற்றும் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் உயர்ந்த மேடையில் உட்கார்ந்து பத்திரிகைகளையும் புத்தகங்களையும் உரக்க வாசிப்பார். 1865-ல் ஹவானாவில் இது ஆரம்பித்தது. வாசிப்பவருக்குச் சம்பளம் முதலாளி கொடுப்பதில்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியில் எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே எதை வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். மறு வருஷமே கவர்னர் அதைத் தடை செய்தார் என்றால் அதன் பலம் எப்படிப்பட்டதென்று தெரிந்துகொள்ளலாம். அதே வழக்கம் அமெரிக்காவில் டாம்பா என்ற ஊருக்கும் போயிற்று. அங்கே 1931-ல் முதலாளிகள் வாசிப்பவர்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் ரேடியோப் பெட்டியை வைத்தார்கள். காதுக்கு அப்போதும் வேலை இருந்தது. ஆனால் சம்பளம் கொடுப்பவன் மாறியபோது சங்கதியும் மாறிப்போயிற்று. நம் இயக்கத்துப் படிப்பகங்களிலும், டீக்கடைகளிலும், முடிதிருத்தும் கடைகளிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் ‘குடி அரசை’யும் ‘விடுதலை’யையும் வாசிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் கேட்டதும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

இனி பயத்துக்கு வருவோம். இன்று விஞ்ஞானம் பேசுகிற வலையொலிக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? கேட்பவரா? பெரும்பாலும் அல்ல, விளம்பரக் கம்பெனி. புதுப் போன் வந்தது என்று பத்து நிமிஷம் பேசி, இடையில் அதே போன் விற்கிற கடையைப் புகழ்ந்துவிட்டு, மறுபடியும் பேச்சைத் தொடருகிறார். கோவில் மண்டபத்தில் பாகவதர் கதையை நிறுத்தித் தட்டை அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். தட்டிலாவது காசு கண்ணுக்குத் தெரியும். எப்.டி.எக்ஸ். என்ற நாணயக் கம்பெனியை யூட்யூபில் பண யோசனை சொல்லும் பேர்வழிகள் பலர் புகழ்ந்தார்கள். 2022 நவம்பரில் அது கவிழ்ந்தது. அதன் தலைவருக்கு 2024-ல் 25 வருஷம் சிறை கிடைத்தது. புகழ்ந்தவர்களை நம்பிப் போட்டவர்களின் பணத்துக்கு யார் ஜவாப்?

பணம் வாங்காமல் யோக்கியமாகப் பேசுகிறவரிடத்திலும் எச்சரிக்கை வேண்டும். செயற்கை அறிவுத் துறையில் பெரிய ஆராய்ச்சிக்காரரான ஜெப்ரி ஹின்டன் 2016-ல், எக்ஸ்-ரே படம் பார்த்து நோய் சொல்லும் டாக்டர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், 5 வருஷத்தில் யந்திரமே நன்றாகப் பார்த்துவிடும் என்பதாகச் சொன்னார். 5 வருஷமும் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. அந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போதவில்லை என்ற புகாரும் இருக்கிறது. அதே ஹின்டனுக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய ஆராய்ச்சி பெரிதுதான். ஆனால் ஆராய்ச்சி வேறு, ஜோஸ்யம் வேறு. ரிஷி சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பக்கூடாது என்று நாம் இத்தனை காலம் கத்தியது, நோபல் பரிசுக்காரர் சொன்னார் என்பதற்காக நம்புவதற்காக அல்ல.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஜனங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. 1996-ல் இராஜபாளையம் பக்கத்து இராமர் பிள்ளை என்பவர் தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். அப்போது வலையொலி கிடையாது. ஆனாலும் பத்திரிகைகள் அந்த வேலையைச் செய்தன. தமிழன் மூளையைப் பார் என்று மார் தட்டினவர்கள் எத்தனை பேர்! மூலிகையைக் கொதிக்கவைத்தால் கஷாயம் வருமே அல்லாது பெட்ரோல் எப்படி வரும், எரிகிற சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களைத் தமிழ்த் துரோகி என்றார்கள். விஞ்ஞானிகள் பரிசோதித்தபோது மூலிகையில் பெட்ரோல் இல்லையென்று தெரிந்தது. 2016-ல் சென்னையில் கோர்ட்டு அவருக்கு 3 வருஷத் தண்டனை விதித்தது. இதற்கிடையில் எத்தனை வருஷம் போயிற்று, எத்தனை பேர் ஏஜென்சிக்கென்று பணம் கட்டினார்கள் என்பதை யோசிக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. 2023 ஜூலையில் கொரியா தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர், சாதாரண வெப்பத்திலேயே தடையின்றி மின்சாரம் ஓடுகிற எல்.கே.-99 என்ற பொருளைச் செய்துவிட்டதாக வெளியிட்டார்கள். உலகமெங்கும் வலையொலிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அவர்கள் செய்முறையையும் வெளியிட்டிருந்தார்கள். அதனால் டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலை உள்படப் பல தேசத்து ஆராய்ச்சிசாலைகள் அதைத் தாங்களே செய்து பார்த்தன. சில வாரங்களுக்குள், அப்படி ஒன்றுமில்லை, அதில் கலந்திருந்த தாமிர சல்பைடுதான் அப்படி ஏமாற்றிற்று என்று தெரிந்துபோயிற்று. யாரும் யாரையும் நாஸ்திகன் என்று வையவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில்தான் வலையொலி கேட்க வேண்டும். முதல் நாள் துள்ளினவர் மூன்றாம் வாரம் என்ன சொல்லுகிறார் என்று பார்க்கவேண்டும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த அதிசயத்துக்குத் தாவிவிட்டால் அவரை விட்டுவிடலாம்.

சந்திரயான் சங்கதியையும் சொல்லவேண்டும். 2019-ல் சந்திரயான்-2 புறப்படுவதற்கு முன்பும் நமது விண்வெளி நிலையத்துப் பெரியவர்கள் திருப்பதிக்குப் போனார்கள். இறங்கும்போது அது நொறுங்கிற்று. 2023-ல் சந்திரயான்-3-க்கும் சிறு பொம்மையோடு திருப்பதிக்குப் போனார்கள். ஆகஸ்டு 23-ந் தேதி அது நல்லபடியாக இறங்கிற்று. இரண்டு தடவையும் ஏழுமலையான் ஒருவரே. அப்படியானால் வித்தியாசம் எங்கே? முதல் தடவை எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை கொடுத்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. வேகமாகத் திரும்பவேண்டிய இடத்தில் அவ்வளவு திரும்பக்கூடாதென்று கட்டளை நிரல் தடுத்தது. இறங்குவதற்குக் குறித்த இடமும் 500 மீட்டர் சதுரந்தான். இதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்தி, இடத்தையும் சுமார் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் ஆக்கினார்கள். எப்படியெல்லாம் தவறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிக் கருவியைச் செய்தார்கள். செய்தவர்களில் தலைமையானவர் விழுப்புரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை வீரமுத்துவேல். இதை அரை மணி நேரம் நிதானமாக எடுத்துச் சொல்லுகிற வலையொலிதான் நமக்கு வேண்டியது. தேங்காய் உடைத்ததைப் படம் பிடித்துக் காட்ட ஆள் நிறைய இருக்கிறது.

பாஷையின் தொல்லையும் பெரிது. நல்ல விஞ்ஞான வலையொலிகள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. முன்பு சமஸ்கிருதம் தெரிந்தவன் சொன்னதே சாஸ்திரம் என்றிருந்ததுபோல், இன்று இங்கிலீஷ் தெரிந்தவன் தமிழில் சொன்னதே விஞ்ஞானம் என்றாகிவிடக் கூடாது. 2012 முதல் ‘கணியம்’ என்ற மின்பத்திரிகை கம்ப்யூட்டர் விஷயங்களைத் தமிழில் இலவசமாகக் கொடுத்து வருகிறது. அது முடிகிறதென்றால் பேச்சிலும் முடியும். ஆனால் தமிழில் பேசுகிறார் என்பதற்காக எவரையும் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை. மூலிகைப் பெட்ரோலும் தமிழில்தான் பேசப்பட்டது.

ஆதலால் மதுரையிலும், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி முதலிய இடங்களிலும் உள்ள நமது படிப்பகங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் இதற்காக ஒதுக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு போனும் சிறிய ஒலிபெருக்கியும் போதும். அரை மணி கேட்கட்டும். அரை மணி விவகரிக்கட்டும். சொன்னவர் யார், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது, வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்று விசாரிக்கட்டும். பூக்கட்டும் பெண்களுக்கும் தறிவேலைப் பெண்களுக்கும் வசதியான நேரமாக அது இருக்கவேண்டும். ஆண்கள் சௌகரியத்துக்கு மட்டும் நேரம் வைக்கிற வழக்கம் நமது படிப்பகங்களிலும் இல்லாமலில்லை. அங்கே விடை கிடைக்காத கேள்விகளை நமக்கு எழுதினால், தெரிந்தவர்களைக் கேட்டு இப்பத்திரிகையில் வெளியிடுகிறோம்.