சைக்கிள் என்று விற்கப்படும் மோட்டார் சைக்கிள்கள்: விபத்து நடந்த பின் யார் பொறுப்பு?

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், முன்பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மின்சார வண்டி சாக்கால் மூடிக் கிடக்கிறது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழுதும் இல்லை. ஆனால் அதை வீதியில் இறக்க அவருக்குப் பயம்.

“கடையிலை சைக்கிள் எண்டுதான் தம்பி தந்தவை. லைசன்ஸ் தேவையில்லை, நம்பர் தேவையில்லை, சார்ஜ் போட்டால் காணும் எண்டவை. நான் என்னத்தைக் கண்டன்?” என்கிறார் அவர்.

கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். முன்பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஏழு கிலோமீற்றர். அந்த வழியில் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுக் காசில் வண்டியை வாங்கினார். சில மாதங்களில், குறுக்கே வந்த முதியவர் ஒருவர் மீது வண்டி மோதியது. முதியவருக்குக் கால் முறிவு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போய் வரும் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியும் யார் தலையில் விழுவது? வண்டிக்குப் பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, ஓட்டியவரிடம் அனுமதிப்பத்திரமும் இல்லை. வழக்கும் வந்தது. காதில் கிடந்த தோடு அடைவுக்குப் போனது.

இதில் முதியவரும் பாதிக்கப்பட்டவர், அந்த ஆசிரியையும் பாதிக்கப்பட்டவர். வண்டியை “சைக்கிள்” என்று விற்றவருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை.

பெற்றோல் வரிசையிலிருந்து மின்வண்டிக்கு

வடக்கில் மின்சார வண்டிகள் மீதான நாட்டத்தை நாகரிக மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. எரிபொருள் இல்லாத வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை இந்த மண் ஏற்கெனவே அறியும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல் மட்டுமல்ல, டோர்ச் லைற் பற்றரிகூட இங்கே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அன்று பற்றரி கிடைக்காத ஊர், இன்று பற்றரியில் ஓடும் வண்டியை நம்பத் தொடங்கியிருக்கிறது.

அதற்கு உடனடிக் காரணம் 2022. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் 26 ஆம் திகதி 470 ரூபாவாகியது. காசு இருந்தாலும் எரிபொருள் இல்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் மக்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்திற்கு 4 லீற்றர்தான். 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான்.

இந்த இடைவெளியில் மின்சார வண்டியின் கணக்கு எவரையும் கவரும். 60 வோல்ற், 20 அம்பியர்-மணி பற்றரித் தொகுதி ஒன்றில் அடங்குவது 1.2 அலகு மின்சாரம். சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை அலகு அளவில் வரும். அதைக் கொண்டு முன்பள்ளிக்குப் போய் வரலாம், சந்தைக்கும் போகலாம். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பத்துக்கும், யுத்தத்தில் காலை இழந்து மிதிக்க முடியாதவருக்கும் இது பெரிய விடுதலை. அந்த விடுதலையைப் பறிக்கவேண்டும் என்பதல்ல இந்தக் கட்டுரையின் வாதம். அது காகிதத்தோடு கைக்கு வரவேண்டும் என்பதுதான்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

எமது நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். பல தடவைகள் திருத்தப்பட்ட இந்தச் சட்டம், மோட்டார் வாகனத்தை அடையாளம் காணும்போது எரிபொருளைப் பார்ப்பதில்லை. வீதியில் ஓடுவதற்கான, இயந்திர விசையால் உந்தப்படும் வண்டியா என்பதையே பார்க்கிறது. ஆகவே “பெற்றோல் இல்லை, புகை இல்லை, எனவே பதிவும் இல்லை” என்ற கடைப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு மின்சார மோட்டார் சைக்கிளைச் சட்டப்படி ஓட்ட, பெற்றோல் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய அனைத்தும் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழும் இலக்கத் தகடும், குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், மோட்டார் சைக்கிளுக்குரிய சாரதி அனுமதிப்பத்திரம், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம். விலக்கு ஒன்றே ஒன்று: புகை கக்காத வண்டிக்குப் புகைப் பரிசோதனை இல்லை.

இதில் சிக்கல் எங்கே? வழமையான மோட்டார் சைக்கிள் வாங்கும்போது முதற்பதிவைக் கடைக்காரரே முடித்துத் தருவார். சுங்கத்தினூடாக அது மோட்டார் வாகனமாகவே நாட்டுக்குள் வந்திருக்கும். உதிரிப்பாகமாகவோ சைக்கிளாகவோ உள்ளே வந்த ஒன்றைப் பின்னர் மோட்டார் வாகனமாகப் பதிவது இலகுவல்ல. உள்நாட்டில் பொருத்தப்பட்ட வண்டி என்றாலும் அந்த மாதிரிக்குத் திணைக்களத்தின் அங்கீகாரம் இருக்கவேண்டும். இந்த ஆவணச் சங்கிலி ஆரம்பத்திலேயே அறுந்திருந்தால், கடைசியில் நிற்கும் வாங்குபவர் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினாலும் இலக்கத் தகடு கிடைக்காது.

வாற்றுக் கணக்கு

மின்சார உதவியுடன் மிதிக்கும் சைக்கிளை உலகின் பல நாடுகள் தனி வகையாக ஏற்றுக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் எல்லை 250 வாற்று. மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். பிரித்தானியாவிலும் ஏறத்தாழ இதே எல்லைதான். அங்கே அதை மீறும் வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படும். பதிவும் காப்புறுதியும் இல்லாவிட்டால் பொலிஸார் பறிமுதல் செய்யலாம். லண்டனில் உணவு விநியோக வேலை செய்யும் உறவினர்கள் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. இந்தியாவிலும் பதிவு விலக்கு 250 வாற்று, 25 கிலோமீற்றர் வேகம் என்ற எல்லைக்குள் நிற்கும் வண்டிகளுக்குத்தான்.

இந்த அளவோடு எமது வீதிகளில் ஓடுபவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற்று. 60 வோல்ற் பற்றரியிலிருந்து 30 அம்பியர் இழுக்கும் வண்டி 1800 வாற்று சக்தியை எடுக்கிறது. அதாவது 250 வாற்றின் ஏழு மடங்கு. பக்கத்தில் பெயருக்கு இரண்டு மிதி பூட்டியிருந்தால் அது சைக்கிள் ஆகிவிடாது. பற்றரி ஈயத்தாலானது என்றால் அதுமட்டும் 30 கிலோவுக்கு மேல் வரும். அவ்வளவு பாரத்தோடு 45, 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டியைச் சாதாரண சைக்கிள் பிரேக் எந்த இடத்தில் நிறுத்தும்? அந்த முதியவரின் கால் முறிந்ததற்கான விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இன்னொரு விடயமும் உண்டு. சில வண்டிகளின் வேகக் கட்டுப்பாடு ஒரு சிறிய வயரில் தங்கியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும். “அண்ணை, கழட்டி விடவோ?” என்று கேட்பவரும் இருக்கிறார், “கழட்டி விடுங்கோ” என்பவரும் இருக்கிறார். அந்தக் கணத்தில், பதிவுக்குக் காட்டிய வண்டி வேறு, வீதியில் ஓடும் வண்டி வேறாகிவிடுகிறது.

காகிதம் இல்லாமையின் விலை

இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டு, பின்னர் ஒவ்வொன்றையும் மீட்கப் பிரதேச செயலகப் படிகளில் காத்துக் கிடந்த மக்கள் நாங்கள். ஒரு பொருள் எங்களுடையது என்பதை நிரூபிக்க முடியாமை என்னவென்று யாரும் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பதிவற்ற வண்டியின் நிலையும் அதுதான். களவு போனால், உரிமையைக் காட்ட கடைத் துண்டு மட்டுமே கையில் இருக்கும். விற்க நினைத்தால் பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது. மோதினால் இழப்பீடு சொந்தக் கையிலிருந்து போகும். மோதப்பட்டவருக்கோ, அதைக் கொடுக்க எதிரே நிற்பவரிடம் எதுவும் இல்லை. கடனில் ஓடும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டங்களில், ஒரு சிறு விபத்து இரண்டு வீடுகளையும் வட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

பொலிஸார் சந்தியில் மறித்துத் தண்டம் எழுதுவது சட்டப்படி சரியானதே. ஆனால் சட்டம் சந்தியில் மட்டும் விழித்துக்கொண்டு, கடையில் உறங்குவது நியாயமல்ல.

செய்யவேண்டியவை

வாங்குபவர் காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். பதிவுச் சான்றிதழ் என் பெயரில் எப்போது வரும்? மோட்டாரின் வாற்றும் செசி இலக்கமும் பற்றுச்சீட்டில் எழுதப்படுமா? பதிவு கிடைக்காவிட்டால் காசைத் திருப்பித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தராத கடையிலிருந்து திரும்பி வந்துவிடுவதே நல்லது. யுத்தத்தில் அவயவம் இழந்தவர்கள் பக்கச் சில்லு பூட்டுவது போன்ற மாற்றங்களைச் செய்வதானால், அதற்கும் திணைக்களத்தின் அனுமதியை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசு செய்யவேண்டியது இதைவிட அதிகம். எந்த வண்டிக்குப் பதிவு வேண்டும் என்பது ஒவ்வொரு விற்பனை நிலையத்திலும் தமிழில், கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். பதிவுக்குத் தகுதியற்ற வண்டியை வீதிக்கென விற்பவர் மீது முதலில் வழக்கு வரவேண்டும். ஏற்கெனவே ஏமாந்து வாங்கியவர்களின் வண்டிகளைப் பரிசோதித்து, பாதுகாப்பானவற்றைப் பதிவதற்கு நடமாடும் சேவை ஒன்றை முல்லைத்தீவு, கிளிநொச்சி போன்ற மாவட்டங்களிலேயே நடத்தலாம். பதிவு வேலைக்காக நாரஹேன்பிட்டிக்குப் போகும் ஒரு நாள், நாட்கூலிக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம்.

அந்த ஆசிரியை இப்போது மீண்டும் காலை பஸ்ஸில்தான் போகிறார். பஸ் வராத நாட்களில் நடக்கிறார். வண்டியின் பற்றரி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக மாதம் ஒருமுறை சாக்கை விலக்கி சார்ஜ் போடுகிறார். “எப்பவாவது நம்பர் எடுக்கலாம் எண்டு சொன்னால் சொல்லுங்கோ தம்பி” என்று விடைதரும்போது கேட்டுக்கொண்டார்.