உலக வங்கி போட்ட மார்க்

எங்கள் குளத்தூரில் மளிகைக்கடை, டீக்கடை, உரக்கடை எல்லாமே 'தனியாள் வணிகம்'தான். (பி.காம். முதல் வருஷப் பாடம், மறந்திருக்க மாட்டீர்கள்!) 2019 அக்டோபரில், தொழில் செய்ய எளிதான நாடுகள் பட்டியலில் இந்தியா 63வது இடம் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து வருஷம் முன்னால் 142. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். நம்ம ஊர்க் கடைக்காரர்களுக்கும் ஏதோ சுலபமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியல் இந்தியா என்று பார்த்தது டெல்லியையும் மும்பையையும் மட்டும்தான். அதிலும் கம்பெனிகளை. இது ரகசியம் இல்லை, அறிக்கையிலேயே இருக்கிறது. யார் படித்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தயாரித்தது உலக வங்கியின் சொந்த ஆராய்ச்சிப் பிரிவு. 2021 செப்டம்பரில் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். 2018க்கான பதிப்பில் சீனா முதலில் 85வது இடத்துக்கு இறங்கியிருந்தது, கணக்கை மாற்றி 78 ஆக்கினார்கள் என்று வங்கியே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை சொன்னது. அந்தச் சமயத்தில் வங்கி தன் மூலதனத்தைக் கூட்ட உறுப்பு நாடுகளிடம் பேசிக்கொண்டிருந்தது. சீனா பெரிய பங்குதாரர். (முறைகேடு என்று சொன்ன நாடுகளில் இந்தியா இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஒரு கம்பெனியின் ஊழியர் அதே கம்பெனிக்குத் தணிக்கையாளராக முடியாது. 2013 கம்பெனிச் சட்டம், நமக்குப் பரீட்சைக்கு வருவது. இங்கேயோ மார்க் போடுபவருக்குச் சம்பளம் கொடுக்கும் வங்கிக்கு, மார்க் வாங்கும் நாடே பங்குதாரர், சில சமயம் கடன்காரரும் கூட!

"அப்ப ஆராய்ச்சியையே மூடிடலாமேடா, யுனிவர்சிட்டிக்காரங்க பாத்துக்கட்டும்" என்றான் நண்பன். எனக்கு ஒப்பவில்லை. 1990ல் 'ஒரு நாளைக்கு ஒரு டாலர்' என்று வறுமைக்கு உலகம் முழுக்க ஒரு கோடு போட்டது இதே வங்கியின் ஆட்கள்தான். பல நாட்டுக் குடும்பச் செலவுக் கணக்குகளை ஒரே இடத்தில் சேர்த்தால்தான் அது நடக்கும். கடன் கொடுப்பவரிடம்தான் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டுவார்கள், ஒரு பேராசிரியர் தனியாகப் போய்க் கேட்டால் நடக்குமா?

அதனால் ஆராய்ச்சி உள்ளேயே இருக்கட்டும், ஆனால் தலைவருக்குக் கீழே வேண்டாம் என்கிறேன். வங்கியின் மதிப்பீட்டுக் குழு இப்போதே தலைவருக்கு இல்லாமல் நேராக இயக்குநர் குழுவுக்குத்தான் பதில் சொல்கிறது. (இயக்குநர் குழுவும் அதே நாடுகளின் ஆட்கள்தானே என்றால், ஆமாம். ஆனால் ஒரு நாட்டுக்குச் சாதகமாகத் திருத்தினால் மற்ற நாட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.) 2013லேயே ட்ரெவர் மானுவல் தலைமையிலான குழு, அறிக்கை இருக்கட்டும், மொத்த ரேங்க்கை எடுத்துவிடுங்கள் என்று சொன்னது. கேட்கவில்லை.

2024ல் அதற்குப் பதிலாகப் புது அறிக்கை வந்தது. மொத்த ரேங்க் இல்லை. நிறுவனங்களிடமே நேரில் கேட்கிறார்கள், நல்லதுதான். முதல் பதிப்பின் 50 நாடுகளில் இந்தியா இல்லை. வந்தாலும், அந்தக் கணக்கெடுப்பு ஐந்து பேராவது வேலை பார்க்கும், பதிவு செய்த நிறுவனங்களுக்குத்தான். எங்கள் தெரு உரக்கடையில் அண்ணனும் ஒரு பையனும்தான் :)