அம்பைக் காட்டினார்கள், 1880-ஐக் காட்டவில்லை

2004 சுனாமிக்குப் பிறகு, வடக்கு சென்டினல் தீவின் மேலே பறந்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை வளைத்து நிற்கும் படம் நமக்குத் தெரியும். 2018 நவம்பரில், சட்டம் தடுத்திருந்தும் அந்தத் தீவுக்குள் போன ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க மதப் பிரசாரகர் கொல்லப்பட்டபோது, தொலைக்காட்சிகள் திரும்பவும் அதே படத்தைத்தான் எடுத்து ஓட்டின. கூடவே ஒரு பட்டம்: 'கற்கால மனிதர்கள்'. அந்த மக்களைப் பற்றி இந்த நாட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வில் எதற்கு என்று எந்த விவாத மேடையிலாவது கேட்டார்களா?

1880-இல் ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன் ஆயுதப் படையோடு அங்கே இறங்கினார். முதியவர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். முதியவர்கள் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பினார். இப்படி ஒரு விருந்தாளியைக் கண்ட ஊர், அடுத்த படகை மாலை போட்டா வரவேற்கும்?

அதே மக்கள்தான் 1991 ஜனவரியில், மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழுவிடம் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் படம் இருக்கிறது. ஆனால் தேங்காயில் பரபரப்பு இல்லையே! 'கற்காலம்' என்பதும் பொய். பவளப்பாறையில் சிக்கிய கப்பலின் இரும்பை எடுத்து அம்பு முனை செய்தவர்கள் அவர்கள்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. சேரி எரிந்தால் மட்டும் கேமரா வரும். பிணமாக, கலவரக்காரராக, கையேந்துபவராக நம்மைக் காட்டிவிட்டுப் போகும். நம் பாட்டும் படிப்பும் அதன் கண்ணில் படாது. ஏன்? 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆராய்ந்த ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 'உயர்சாதி'யினர் கையில் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. யார் கேமராவைப் பிடிக்கிறார்களோ அவர்களுடைய பயமே செய்தியாகிறது.

தோழர்களே, நம்மைப் பற்றி அவர்கள் காட்டுவதை நாம் நம்புவதில்லை. அப்படியிருக்க, நாம் பார்த்தேயிராத மக்களைப் பற்றி அவர்கள் காட்டுவதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நாமாவது மறுத்துப் பேசலாம். நம் மொழி அவர்களுக்குப் புரியும். சென்டினல் மக்களின் மொழி வெளியுலகில் ஒருவருக்கும் தெரியாது. எந்த ஸ்டூடியோவிலும் அவர்கள் வந்து உட்காரப்போவதில்லை. வரவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

ஆகவே அடுத்த முறை விடுதி டிவியில் அந்த வில் வரும்போது, சேனலை மாற்றாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு 1880-ஐச் சொல்லுங்கள்.