செட்டில்மென்ட் எழுதும் முன்பு

கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருக்கும் முதியவர்கள் பலரின் கதை ஒன்றுதான்: வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார்கள், பிறகு சோறும் பேச்சும் குறைந்தன.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தபின், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, அது மீறப்பட்டால் 23-ஆவது பிரிவின்கீழ் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பெற்ற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சமே பலரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது.

ஆனால் உறவில் விரிசல் பத்திரம் எழுதுவதற்கு வெகுமுன்பே விழுந்திருக்கும். ஏற்க மறுத்த காதல் திருமணம், ஒரு பிள்ளைக்கு மட்டும் போன பணம், ஆண்டுக்கணக்கில் யாரும் வாய்திறக்காத கோபம்.

விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பவும் இதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த இருக்கையில், இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களை அரசு அமர்த்த வேண்டும்.