மாத்திரைக்கும் ஒரு லாக் புக்

புசாவல் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் நான் சார்ஜ்மேனாக இருந்தபோது, எஞ்சினைத் தொடுவதற்கு முன் லாக் புக்கைப் பார்ப்பது வழக்கம். வழியில் டிரைவர் ஒரு ரிலேயை வெட்ஜ் செய்து வண்டியைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார். அதை அவர் எழுதாமல் இறங்கிப் போனால் அடுத்தவருக்கு ஆபத்து. எழுதாத டிரைவர் சார்ஜ்ஷீட் வாங்கியதும் உண்டு.

என் மனைவிக்கு 2011-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இதய வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு, ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமலிருக்க அசெனோகூமரால் மாத்திரை சாப்பிட வேண்டும். ஐ.என்.ஆர். பரிசோதனையை விடக்கூடாது. 2018-இல் நாக்பூரில் ஒரு மருத்துவமனையில் வயிற்றுக் கோளாறுக்காகச் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'பழைய இதய அறுவைச் சிகிச்சை' என்று ஒரு வரி. மாத்திரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சில மாதம் கழித்து அந்தக் காகிதத்தைத்தான் பல் டாக்டரிடம் நீட்டினேன். எல்லாம் அதில் இருக்கிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் பைபாஸ் என்று எண்ணிக்கொண்டார். பல்லைப் பிடுங்கி, மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்தார். அது அசெனோகூமராலின் வேகத்தைக் கூட்டும் மருந்து. மூன்றாம் நாள் இரவு தலையணையெல்லாம் ரத்தம். பிழைத்துக்கொண்டாள்.

நிற்க. என் தங்கை மகள் சென்னையில் மெடிக்கல் கோடிங் செய்கிறாள். அமெரிக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து எண் போடும் வேலை. நோய்க்குத் தனி எண் இருக்க, நீண்டகால மருந்துக்கென்றே இசட் 79 என்ற வரிசை உண்டாம். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துக்கு இசட் 79.01, இன்சுலினுக்கு இசட் 79.4. ஆஸ்பத்திரியில் சர்க்கரையை இறக்கத் தற்காலிகமாகப் போட்ட இன்சுலினுக்கு அந்த எண் கிடையாது. அங்கே அது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத்தான், தர்மத்துக்கு அல்ல. ஆனால் அவள் சொன்ன ஒன்று மனதில் தைத்தது: "டாக்டர் எழுதாததை நாங்கள் சேர்க்க முடியாது மாமா."

ஆக, எண்ணைவிட எழுத்துதான் முக்கியம். 2021-இல் தேசிய அளவில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் தொடங்கி 14 இலக்க ஆபா எண் தருகிறார்கள்; நல்லதுதான். அதில் ஏற்றும் காகிதமே ஊமையாக இருந்தால் எண் என்ன செய்யும்?

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. ஆபரேஷன் சென்னையில், மாத்திரை இங்கே, பேரன் பிறந்தால் புனேயில் ஆறு மாதம். பெரியவர்களைக் கேட்டால் "வெள்ளை மாத்திரை, பாதி" என்பார்கள், அதுவும் தமிழில். டிஸ்சார்ஜ் ஆகும்போது, நீண்டகால மருந்தின் பெயர், அளவு, எந்த ஆண்டு முதல், எதற்காக என்ற நான்கையும் எழுதித் தரும்வரை கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். கம்பெனிப் பெயர் போதாது. கடைக்குக் கடை மாறும். மருந்தின் பெயரே வேண்டும்.

பொங்கல் விழா மலரோடு, இந்த நான்கையும் இங்கிலீஷிலும் இந்தியிலும் நிரப்பும் சிறு அட்டை ஒன்றைச் சங்கம் அச்சிட்டுத் தரலாம். மாதிரி அட்டை தயார், செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். என் மனைவியின் அட்டை அவள் பர்ஸில் இருக்கிறது, ரயில் பாஸுக்குப் பின்னால்.