மோட்டார் எங்கே தொங்குகிறது?



ரயிலைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும், நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு வந்து நிற்கும்: சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ரயில் எப்போது? சுமார் 16 கிலோமீட்டர் பாதைக்காக இத்தனை காலம் காத்திருக்கிற மாவட்டம் வேறென்ன கேட்கும்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

இந்த முறை கருணாபுரத்திலிருந்து வந்த ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் பாலிடெக்னிக் மாணவர். “சார், எலக்ட்ரிக் இன்ஜினில் மோட்டார் எந்த இடத்தில் இருக்கும்? டிரைவர் கேபினுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய பெட்டிக்குள்ளேயா?” 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகளுக்காகக் கருணாபுரத்தின் பெயர் பத்திரிகைகளில் வந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஊரிலிருந்து வந்த இந்தக் கேள்விக்கு முழுப் பக்கத்தையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தம்பி, அந்தப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, காற்றடிக்கும் புளோயர்கள் இருக்கின்றன. வண்டியை இழுக்கும் மோட்டார் அங்கே இல்லை. அது கீழே, சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல. உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 இன்ஜினுக்கு ஆறு ஆக்சில், ஆக்சிலுக்கு ஒரு மோட்டார். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால், ஆக்சில்களைத் தாங்கும் போகியின் சட்டம் மறைத்துவிடும். லோகோ ஷெட்டில் பிட்டுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்: ஒவ்வொரு ஆக்சிலையும் ஒட்டி ஒரு இரும்பு உருளை, அதன் ஒரு பக்கம் கிரீஸ் வழிந்து காய்ந்துபோன கியர் கேஸ்.

அந்த உருளையை எப்படித் தாங்கி நிறுத்துவது என்பதுதான் நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாக ரயில் பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட விஷயம்.

மோட்டார் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம், பினியன். ஆக்சிலில் ஒரு பெரிய பல்சக்கரம். இரண்டும் கவ்விச் சுற்ற வேண்டுமென்றால் அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் மாறவே கூடாது. ஆனால் ஆக்சில் ஓரிடத்தில் நிற்கிற பொருளா? தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும், பாயின்ட் ஒவ்வொன்றிலும் எகிறி இறங்கும். அதிர்ச்சி மேலே போகாமலிருக்கத்தான் ஆக்சிலுக்கும் போகிச் சட்டத்துக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். மோட்டாரைச் சட்டத்தில் இறுக்கினால் மோட்டார் ஸ்பிரிங்குக்கு மேலே பத்திரமாக இருக்கும். ஆனால் ஆக்சில் ஆடும்போது பல்லுக்குப் பல் விலகும். மோட்டாரை ஆக்சிலிலேயே கட்டிவிட்டால் பல் விலகாது. ஆனால் அத்தனை கனமும் ஸ்பிரிங்குக்குக் கீழே போய்விடும்.

ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் இருந்தால் என்ன என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரும்பு ஏற்றும் கட்டை வண்டியில் போனவருக்கும் வில்வண்டியில் போனவருக்கும் இடுப்பு வேறு வேறு கதை சொல்லும். ரயிலில் அடி வாங்குவது பயணியின் இடுப்பு மட்டுமில்லை, தண்டவாளமும்தான். வேகம் கூடக்கூட அந்த அடியும் கூடும்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி கண்டவர் அமெரிக்காவின் ஃபிராங்க் ஸ்பிரேக். 1888-ல் ரிச்மண்ட் நகரத்தில், மேடும் பள்ளமுமான தெருக்களில், மின்சார டிராமை ஓட்டிக் காட்டியவர். மோட்டாரின் ஒரு பக்கத்தை அவர் ஆக்சிலின் மேல் பேரிங் போட்டு உட்கார வைத்தார். மறுபக்கத்தில் ஒரு மூக்கை நீட்டி, அதை வண்டிச் சட்டத்தில் மெத்தென்று தொங்கவிட்டார். ஆக்சில் எகிறினால் மோட்டாரும் அதன் மேலேயே லேசாகச் சாய்ந்து நிமிரும். பல்லுக்குப் பல் தூரம் மாறாது. மோட்டார் கனத்தில் ஏறக்குறைய பாதி ஸ்பிரிங்குக்கு மேலே போய்விட்டது, பாதி ஆக்சிலிலேயே நின்றது. ஏழு வருடம் கழித்து, 1895 மே 7-ல், சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பிறகுதான் வந்தது.

பாதி கனம் என்பது சின்ன விஷயமா என்று கேட்பவர்களுக்கு லண்டன் கதை ஒன்று இருக்கிறது. 1900-ல் அங்கே சென்ட்ரல் லண்டன் ரயில்வே என்ற சுரங்கப் பாதையைத் திறந்தார்கள். அதன் இன்ஜின்களில் கியரே கிடையாது. மோட்டாரின் சுழலும் பாகத்தை நேராக ஆக்சில் மேலேயே ஏற்றியிருந்தார்கள். எளிமையான வேலை, பல் தேயும் கவலை இல்லை. ஆனால் 44 டன் இன்ஜினில் பெரும்பகுதி ஸ்பிரிங்குக்குக் கீழே. ஓடிய சில மாதங்களிலேயே மேலே கட்டடங்கள் அதிர்கின்றன என்று புகார். வரைபடம் வரைபவர்களால் நேர்கோடு இழுக்க முடியவில்லை என்றார்கள். அரசு ஒரு குழு போட்டது. அதில் இருந்தவர் ராலே பிரபு, சில வருடத்தில் நோபல் பரிசு வாங்கப்போகிற இயற்பியலாளர். இன்ஜின் சிலவற்றில் கியர் வைத்து மோட்டாரை மூக்கில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள், அதிர்வு குறைந்தது. கடைசியில் இன்ஜின்களையே 1903-ல் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டிகளுக்கு அடியிலேயே சின்ன மோட்டார்களைப் பரவலாக வைத்த தொடர் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே கேபினிலிருந்து ஓட்டும் அந்த யோசனையும் ஸ்பிரேகினுடையதுதான். 1897-ல் சிகாகோவுக்காகச் செய்தது. நம் சென்னை புறநகர் மின்சார ரயில் அந்த யோசனையில்தான் ஓடுகிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 2019 வரை நாமும் விழுப்புரம் மாவட்டம்தானே. அந்த விழுப்புரம் ஜங்ஷனில் 1960களின் நடுவிலிருந்து ஒரு வினோதம் நடந்துவந்தது. சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது. பிறகு மின்கம்பியைத் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை நீட்டினார்கள். கம்பி விழுப்புரத்தோடு சரி. அதற்குத் தெற்கே போகும் வண்டிக்கு அங்கே இன்ஜின் மாற்ற வேண்டும். வயதானவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் பிளாட்பாரத்து டீயும் நன்றாக ஞாபகம் இருக்கும். கம்பிக்குக் கீழே ஓடிய இன்ஜின்தான் ஒய்ஏஎம்-1. ஜப்பானில் கட்டி வந்தவை, மொத்தமே இருபது.

நம் மாணவரின் கேள்விக்கு இந்த இன்ஜினில்தான் சுவையான பதில் இருக்கிறது. அகல ரயில் பாதையில் இரண்டு சக்கரங்களின் உட்பக்கத்துக்கு நடுவே 1,600 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். மீட்டர் கேஜில் 930 மட்டும். அந்தச் சின்ன இடத்துக்குள் மோட்டாரும் கியரும் இரண்டுமே அடங்க வேண்டும். மோட்டாரின் நீளத்தைக் குறைத்தால் சக்தி குறையும். விட்டத்தைப் பெருக்கினால் அடியில் தண்டவாளத்தை இடிக்கும். என்ன செய்தார்கள் என்றால், ஆக்சிலுக்கு ஒரு மோட்டார் என்ற கணக்கையே விட்டுவிட்டார்கள். இரண்டு ஆக்சில் கொண்ட போகிக்கு ஒரே ஒரு பெரிய மோட்டார். அதைப் போகிச் சட்டத்திலேயே, ஸ்பிரிங்குக்கு மேலே வைத்து, பல்சக்கர வரிசை ஒன்றால் இரண்டு ஆக்சிலையும் சேர்த்து ஓட்டினார்கள்.

இதில் கிடைத்த லாபம் இரண்டு. மோட்டாரின் கனம் தண்டவாளத்தைக் குத்தவில்லை. இரண்டு ஆக்சிலும் பல்லால் பிணைந்திருந்ததால், கிளம்பும்போது ஒன்று மட்டும் வழுக்கிச் சுற்றவும் முடியாது. நஷ்டமும் உண்டு. ஒரு போகியின் இரண்டு ஜோடிச் சக்கரத்துக்கும் விட்டம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஒன்று அதிகமாகத் தேய்ந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றி வெவ்வேறு தூரம் போகப் பார்க்கும். பாரம் எல்லாம் பல்லின் மேல் வந்து விழும். ஷெட்காரர்களுக்கு அது தலைவலி. இதே ஒற்றை மோட்டார் போகி அகலப் பாதையிலும் இருந்தது: 1963-ல் சித்தரஞ்சனில் கட்டிய முதல் ஏசி மின்சார இன்ஜின் ‘பிதான்’, டபிள்யூஏஜி-1 வகை, அந்தக் குடும்பம்தான். பிறகு இந்திய ரயில்வே அந்த வழியை விட்டுவிட்டு, ஆறு ஆக்சில், ஆறு மோட்டார், மூக்கில் தொங்கவிடுதல் என்று பழைய பாதைக்கே திரும்பிவிட்டது. சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் 2004-ல் முடிந்தது. ஒய்ஏஎம்-1 காலமும் அதோடு போயிற்று.

திரும்பியதைப் பிற்போக்கு என்று நான் சொல்ல மாட்டேன். மூக்குத் தொங்கல் மலிவு, முரட்டு உழைப்பு தாங்கும், கெட்டுப்போனால் சக்கரத்தோடு சேர்த்து மோட்டாரைக் கீழே இறக்கி வேறொன்றை ஏற்றிவிடலாம். பாதை ஓரத்தில் படிக்காத மேதைகள் நிறைந்த நம் ஷெட்களுக்கு அது பொருந்தியது. பழைய வகையில் ஆக்சில் மேல் உட்காரும் பேரிங் எண்ணெயில் ஊறிய திரியை நம்பியிருந்தது. எண்ணெய் இறங்கினால் சூடேறி ஆக்சிலையே கெடுத்துவிடும். வண்டி வந்து நின்றதும் அங்கேதான் முதலில் கை போகும். பிறகு ரோலர் பேரிங் வந்து அந்தக் கவலை குறைந்தது. மூக்கின் ரப்பர் திண்டு நைந்தாலும் மோட்டார் தண்டவாளத்தில் விழுந்துவிடாதபடி ஒரு பாதுகாப்புக் கொக்கி உண்டு. இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

அதற்குள்ளும் புத்திசாலித்தனம் நடந்தது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றும்போது அதன் மூக்கு சட்டத்தை மேலோ கீழோ தள்ளும். பழைய மூன்று ஆக்சில் போகிகளில் மோட்டார்களின் மூக்கு ஆளுக்கொரு திசையில் இருந்ததால், வண்டியைக் கிளப்பும்போது ஓர் ஆக்சிலில் பாரம் ஏறும், இன்னொன்றில் இறங்கும். பாரம் இறங்கிய சக்கரம் வழுக்கும். நிலக்கரி ரேக்கை இழுக்கும் டிரைவருக்கு இது போதாதா? டபிள்யூஏஜி-7 சரக்கு இன்ஜினில் எல்லா மூக்கையும் ஒரே திசைக்குத் திருப்பி வைத்தார்கள். பிடிமானம் கூடியது.

அடுத்த மாற்றம் மோட்டாருக்குள்ளிருந்தே வந்தது. டபிள்யூஏபி-4-ல் இருக்கும் டிசி மோட்டார் ஒன்று மூன்றரை டன்னை ஒட்டி வரும், சக்தி 630 கிலோவாட். டபிள்யூஏபி-7-ல் இருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டார் இரண்டு டன்னைச் சற்றே தாண்டும், சக்தி 850 கிலோவாட். கம்யூட்டேட்டர் இல்லை, கார்பன் பிரஷ் இல்லை. தொங்கவிடும் முறையைத் தொடாமலேயே ஆக்சில் மேல் விழும் கனம் இறங்கிவிட்டது.

இருந்தாலும் 160 கிலோமீட்டர் வேகம் என்று வந்தால் மூக்கை நம்ப முடியாது. 1995-ல் வந்த டபிள்யூஏபி-5 இன்ஜினில் மோட்டார் முழுக்கப் போகிச் சட்டத்தில். ஆக்சிலின் ஆட்டத்தை நடுவில் இருக்கும் நெகிழும் இணைப்பு வாங்கிக்கொள்ளும். டெல்லி–ஆக்ரா கதிமான் 2016-ல் 160-ல் ஓடியது இந்த இன்ஜினை வைத்துத்தான். ஜப்பானின் ஷின்கான்சென் 1964-லேயே அந்த வழிக்குப் போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிவி-யில் மோட்டாரைப் போகியிலிருந்தும் எடுத்து வண்டியின் உடலிலேயே தொங்கவிட்டார்கள்.

பெரம்பூர் ஐசிஎஃப் 2018-ல் கட்டிய வந்தே பாரத்திலும் இதே தத்துவம்தான். பதினாறு பெட்டி வண்டியில் ஒன்றுவிட்டு ஒரு பெட்டிக்கு மோட்டார். பெட்டிக்கு நான்கு வீதம் 32. எல்லாம் போகிச் சட்டத்தில். 2024 ஆகஸ்ட் 31 முதல் எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் உளுந்தூர்பேட்டை வழியாக ஓடுகிறது. நம் மாவட்டத்தில் நிற்பதில்லை என்ற குறை நமக்கு உண்டு, அது வேறு விஷயம். அடுத்த முறை அந்த வண்டி போகும்போதும், பின்னாலேயே டபிள்யூஏபி-7 இழுக்கும் ஒரு எக்ஸ்பிரஸ் போகும்போதும், பாதுகாப்பான தூரத்தில் நின்று காதைத் தீட்டிக் கேளுங்கள், தம்பி. பாயின்ட் மேல் ஏறும்போது இரண்டின் சத்தமும் ஒன்றாக இருக்காது.

சேலம்–விருத்தாசலம் பாதையிலும் இப்போது மின்கம்பி ஓடுகிறது. கள்ளக்குறிச்சிக்குப் பாதை வந்து முதல் வண்டி வரும் நாளில், சக்கரத்துக்கு நடுவில் குனிந்து பார்க்கிற பையன்கள் பத்துப் பேராவது அங்கே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. ஒய்ஏஎம்-1 இன்ஜினை ஓட்டியவர்கள், ஷெட்டில் அதன் போகியைத் திறந்து பார்த்தவர்கள், விழுப்புரத்தில் இன்ஜின் கழற்றி மாட்டியவர்கள் நம் வாசகர்களிலோ அவர்கள் வீட்டுப் பெரியவர்களிலோ இருந்தால் எழுதுங்கள். இரண்டு பக்கம் எழுதினாலும் போடுகிறோம். எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பலாம். பழைய படம் இருந்தால் நகல் மட்டும் போதும். மூலத்தைத் தபாலில் போட வேண்டாம். வருகிற கடிதங்களுக்காக அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்