ஒற்றைத் துப்பாக்கி

திருவரங்குளம் அரங்குளநாதர் கோயிலின் தலபுராணத்தில் ஒரு வேடன் வருகிறான், பொற்பனையும் வருகிறது. சமஸ்தான நாட்களில் புதுக்கோட்டைக் காடுகள் சில மன்னரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டபோது வில் போய் ரைஃபிள் வந்திருந்தது. அண்மையில் அக்கோயிலுக்குச் சென்றிருந்த நாங்கள் குளக்கரையில் அமர்ந்து பேசத் தொடங்கியது கல்வெட்டுகளைப் பற்றி. பேச்சு போய் நின்றதோ காலிபரில். பெருவிலங்கு வேட்டைக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் என்றால் எதைத் தேர்வது? வேட்டை இலக்கியம் படிப்பவர்களிடையே இது சிற்றிதழ்ச் சண்டைகளைப் போல ஓயாத வழக்கு.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அங்குலத்தில் சொல்வது ஆங்கிலேய வழக்கம். எங்கள் விடை .375. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் கொண்டுவந்தது. அதன் 300 கிரெய்ன் குண்டு, ஏறத்தாழ 19 கிராம், நீளமானது. காட்டெருமையின் தோளெலும்பைத் தாண்டி உள்ளே செல்லும். கடமானுக்கும் மிகையாகாது. கென்னத் ஆண்டர்சன் நம் சேலம், தருமபுரிக் காடுகளில் சுமந்து திரிந்த .405 வின்செஸ்டரின் குண்டும் அதே எடைதான். ஆனால் குழல் அகலமாதலால் குண்டு குட்டை. தடித்த உடலில் ஆழம் போகாது, தொலைவில் விரைந்து தாழும். அவர் அதைக்கொண்டு சாதித்ததைப் பொறுமையின் கணக்கில்தான் எழுதவேண்டும்.

ஜிம் கார்பெட்டை முன்வைத்து எங்களுள் ஒருவர் மறுத்தார். 1930இல் சௌகர் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சில அடித் தொலைவில் எதிர்கொண்டபோது கார்பெட்டின் இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலக்கையால் மட்டுமே துப்பாக்கியை அணுவணுவாகத் திருப்பிச் சுட்டார். அது எடை குறைந்த ரைஃபிளாக இருந்ததும் தமக்கு உதவிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். கனத்த இரட்டைக்குழலாயின் நமக்கு அந்தப் புத்தகமே கிடைத்திராது. ஒப்புக்கொள்கிறோம். எனினும் கார்பெட்டின் கையை யார் கடன் தருவார்?

இந்தியாவில் காலிபரைத் தீர்மானித்தது விலங்கு மட்டுமன்று. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு .450 காலிபரைத் தடை செய்தது. அத்தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்களிடமிருந்த பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சம். உடனே .465, .470, .475 என்று புதியவை பிறந்தன. விடுதலைக்குப் பிறகும் அச்சம் விடவில்லை. ராணுவத்தின் .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது, இஷாப்பூர் ஆலையின்.315 அவர்கள் கைக்கு வந்தது.

காலிபர் பேச்சை வீண்பேச்சு என்பவர்கள் சம்பாவத் பெண்புலியை நினைக்கவேண்டும். 1907இல் கார்பெட் அதை வீழ்த்தியபோது அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன, ஒன்று எலும்புவரை. என்றோ யாரோ சுட்டுத் தப்பவிட்ட காயம். இயல்பான இரையைக் கொல்ல முடியாமற்போன அப்புலி கொன்ற மனிதர்கள் 436 பேர் என்பது கணக்கு. முதலில் சுட்டவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இடையில் கேட்டார்: "அது நம்ம கடலைக்கொல்லைப் பன்னிக்கு ஆகுமா தம்பி?"

ஆகாது என்றோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவரோ நாங்களோ சுடுவதற்கில்லை. 2025இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது. அவர்களுக்கும் இங்கே .375 கூடாது. தட்டையான நிலம், கொல்லைக்கு அடுத்துக் குடியிருப்பு, குறி தப்பிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். நாட்டுத்துப்பாக்கியின் சில்லுகளோ பன்றியைக் கொல்லாமல் அழுகவிடும். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் ஒற்றைக்குண்டு, பரண் மேலிருந்து, மிக அருகில், மண்ணை நோக்கி: எங்களுக்குத் தோன்றியது இதுதான்.

பெரியவர் தலையசைத்தார். "பரண் இருக்கு, பதினைஞ்சு வருசமா நானே ஏறி டப்பா தட்டுறேன்" என்றார்.